பேட்டரி குடிக்கும் கடிகாரம்

புதுச்சேரி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நண்பர், தன் அப்பாவின் பழைய குவார்ட்ஸ் வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஒன்றரை வருஷத்துல ரெண்டு பேட்டரி காலி. டூப்ளிகேட் போட்டு ஏமாத்துறாங்க” என்றார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். பல வாட்சுகளில் இருக்கும் எஸ்ஆர்626 என்ற சில்வர் ஆக்சைடு பேட்டரிதான் இதிலும். மின்னழுத்தம் 1.55 வோல்ட், கொள்ளளவு ஏறத்தாழ 28 மில்லிஆம்பியர்-மணி. நல்ல மெஷின் 1 மைக்ரோஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும். அப்படியென்றால் 28,000 மணி நேரம், மூன்று வருஷத்துக்கு மேல் ஓட வேண்டும். ஒன்பது மாதத்தில் தீர்கிறது என்றால், ஒன்று பேட்டரி மட்டம். இல்லையேல் வாட்ச் நாலு மடங்கு குடிக்கிறது.

மட்டமா என்பதை முதுகிலுள்ள எழுத்தே சொல்லும். எல்ஆர்626 என்றிருந்தால் அதே அளவுள்ள மலிவான ஆல்கலைன். அதன் அழுத்தம் நாளாக ஆகச் சரியும், கசியவும் செய்யும். நண்பருடையது எஸ்ஆர்தான்.

அப்படியானால் குடிப்பது யார்? குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சிப் அதைப் பதினைந்து முறை பாதியாக்கி, நொடிக்கு ஒரு துடிப்பாகக் காயிலுக்கு அனுப்புகிறது. காயிலுக்குள் பாயும் மின்சாரம் ஒரு பொடிக் காந்தத்தை அரைச்சுற்று திருப்ப, பல்சக்கரங்கள் நகர்ந்து முள் தாவுகிறது. 1936இல் பிரெஞ்சுப் பொறியாளர் மாரியுஸ் லவே வகுத்த மோட்டார் இது. சக்கரங்களின் எண்ணெய் வருஷக்கணக்கில் காய்ந்து பிசினானால் காந்தம் திரும்பத் திணறும். பல மெஷின்களில் சிப் உடனே இன்னும் பலமான துடிப்பை அனுப்பும். முள் வழக்கம்போல் ஓடும், பேட்டரிதான் கரையும்.

வேறு அறிகுறிகளும் உண்டு. முள் இரண்டு அல்லது நான்கு நொடிகளைச் சேர்த்துத் தாவினால், பல வாட்சுகளில் அது ‘பேட்டரி மாற்று’ என்ற அறிவிப்பு. மல்டிமீட்டரில் பேட்டரி 1.55 காட்டியும் வாட்ச் ஓடவில்லையா? பேட்டரியைத் தொடும் தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் காயில் அறுந்திருக்கலாம். தலைமுடியைவிட மெல்லிய கம்பி அது. பேட்டரி மாற்றும்போது ஸ்க்ரூடிரைவர் ஒருமுறை வழுக்கினாலே போதும்.

நண்பரின் வாட்சைப் பிரித்துக் கழுவி, புது எண்ணெய் விட்டார் கடைக்காரர். கூலி, நாலைந்து பேட்டரி விலை. கட்டாது என்று பீரோவில் போடுகிறவர்கள், தீர்ந்த பேட்டரியையாவது எடுத்துவிட்டுப் போடுங்கள். உள்ளேயே கிடந்து கசிந்தால், பிறகு எண்ணெயால் ஆகப்போவது ஒன்றுமில்லை.