புகையும் ஆவியும்

மலையிலே புகை தோன்றுகின்றது. புகையுள்ள இடத்திலே நெருப்புண்டென்பதை அடுக்களையிற் கண்டிருக்கின்றோம். ஆதலின் மலையிலும் நெருப்புண்டு. அளவை நூலார் கருதலளவைக்குத் தொன்றுதொட்டுக் காட்டிவரும் உதாரணம் இதுவாகும். ஆயின் இவ்வனுமானம் பிழையாது நிற்றற்கு ஒரு நிபந்தனையுண்டு. காணப்பட்டது புகையே என்பது முன்னர்த் துணியப்படல் வேண்டும். மணிமேகலையின் 29ஆவது காதையிலே அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை இலக்கணத்தை உணர்த்துமிடத்து, ஏதுப் போலிகளுள் ஒன்றாகச் சித்தாசித்தம் என்பதைக் கூறுகின்றார். தோன்றுவது நீராவியோ பனியோ புகையோ என்னும் ஐயம் நீங்குமுன்னரே, அதனைப் புகையெனக் கொண்டு நெருப்பைச் சாதிக்கப் புகுவதே அக்குற்றமாகும்.

பழைய அளவை நூல்களோடு ஒழிந்துவிட்ட வினாவன்று இது. ஆனையிறவுக்கு அண்மையில், நிழலற்ற ஏ9 பாதையிலே, நண்பகல் வெயிலில் ஓடும் மோட்டார் வண்டியின் பொனற் எனப்படும் முன்மூடியினின்று வெண்படலம் எழும்போது, சாரதியின் முன் நிற்பதும் இதே வினாவாகும். அது ஆவியாயின் அவன் செய்யவேண்டியது ஒன்று. புகையாயின் செய்யவேண்டியது வேறொன்று. ஒன்றுக்குரிய பரிகாரத்தை மற்றொன்றுக்குச் செய்வானாயின், முன்னதிற் கையும் முகமும் வேகும். பின்னதில் வண்டியே எரியும்.

ஆவியையும் புகையையும் வேறுபடுத்தி அறிதற்குக் கண்ணும் மூக்குமே போதிய கருவிகளாம். மெய்யான நீராவி கண்ணுக்குப் புலனாகாது. கொதிக்கும் கேத்தலின் மூக்கை உற்று நோக்கின், துளைக்கு மிக அண்மையில் ஒன்றும் தெரியாத ஓர் இடைவெளியும், அதற்கு அப்பால் வெண்முகிலும் காணப்படும். அம்முகில், ஆவி குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த்துளிகளின் தொகுதியே. அது சிறிது தூரஞ் சென்றதும் காற்றிலே கரைந்து மறைந்துவிடும். பட்ட பொருளை ஈரமாக்கும். எரிந்த மணம் அதற்கு இல்லை. குளிர்த்தும் நீரிலே கிளைக்கோல் என்னும் திரவம் கலந்திருப்பின் இனிப்பான ஒரு வாடை வீசும். புகையோ நீரன்று, எரிந்தும் எரியாமலும் எஞ்சிய நுண்டுகள்களும் எண்ணெய்த் துளிகளுமாம். அது காற்றிலே எளிதிற் கரையாது நீண்டு நிற்கும். நீலமோ சாம்பலோ கருமையோ சார்ந்த நிறமுடையது. தொண்டையைக் கரகரக்கச் செய்யும்.

இனி, ஆவி எழுதற்குரிய காரணத்தை அறிய, எஞ்சினின் வெப்பம் செல்லும் வழியை அறிதல் வேண்டும். உருளைகளினுள்ளே பெற்றோலும் காற்றும் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசுக்கும் மேற்படும். அவ்வெப்பத்தில் ஒரு சிறு பகுதியே சக்கரங்களைச் சுழற்றுகின்றது. ஒரு பகுதி கழிவுப்புகைக் குழாய் வழியே வெளியேறும். ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை உருளைகளைச் சூழ்ந்தோடும் நீர் ஏந்திச் சென்று, ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலே காற்றுக்குக் கொடுக்கின்றது. ஒஸ்ரின் செவன் போன்ற முற்காலத்து வண்டிகளில், சூடான நீர் இலேசாகி மேலெழுதலும் குளிர்ந்த நீர் கீழிறங்குதலுமாகிய இயற்கைச் சுழற்சியே நீரை ஓட்டிற்று. பிற்காலத்து வண்டிகளிலே அதனை ஒரு பம்பி செய்கின்றது. ரேடியேற்றரின் மூடி, வில்லினால் இறுக்கப்பட்டு உள்ளமுக்கத்தைச் சிறிது உயர்த்தி வைக்கின்றது. அமுக்கம் உயரக் கொதிநிலையும் உயரும். பழைய வண்டிகளிற் பல, சதுர அங்குலத்துக்கு 4 முதல் 7 இறாத்தல் வரை தாங்கும் மூடிகளைக் கொண்டவை. 7 இறாத்தல் அமுக்கத்திலே நீர் ஏறத்தாழ 111 பாகையிற்றான் கொதிக்கும்.

இவ்வொழுங்கில் எவ்விடத்தே குறை நேரினும் ஆவி எழும். நீர் குறைந்திருத்தல் முதலாவது காரணம். இரப்பர்க் குழாய் வெடித்தலும் அதன் பட்டி தளர்தலும் இக்குறையை உண்டாக்கும். விசிறிப்பட்டி அறுதல் இரண்டாவது. பழைய வண்டிகளில் நீர்ப்பம்பியையும் விசிறியையும் டைனமோவையும் ஒரே பட்டி சுழற்றுவதால், அது அறுந்தவுடன் மின்னேற்றங் காட்டும் சிவப்பு விளக்கு எரியும்; அவ்விளக்கைக் கண்டும் வண்டியை ஓட்டுபவர் சில நிமிடங்களில் ஆவியையும் காண்பர். தேமோஸ்ரற் என்னும் சிறு வாயில் திறவாது சிக்கிக்கொள்ளுதல் மூன்றாவது. எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையேயுள்ள காஸ்கற் என்னும் இடைத்தகடு எரிந்து பிளத்தல் நான்காவது. அந்நிலையில் ரேடியேற்றர் நீரிலே குமிழிகள் இடையறாது எழும். மசகெண்ணெய் நீருடன் கலந்து பால்போல் வெளுக்கும். பின்புறக் குழாயினின்றும் வெண்ணிற ஆவி விடாது வெளிப்படும். இது பாதையோரத்திலே தீரும் பிணியன்று.

அஞ்சத் தேவையில்லாத ஆவியும் ஒன்றுண்டு. மாரி காலத்திலே வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளைக் கடந்து வரும் வண்டியில், சூடான கழிவுப்புகைக் குழாயின்மீது தெறித்த நீர் ஆவியாகி மேலெழும். வெப்பமானியின் முள் தன்னிலையில் நிற்பதும், ஆவி சிறிது நேரத்தில் தானே ஓய்வதும் இதற்குரிய அடையாளங்கள்.

மேற்கூறியவை எந்நாட்டு வண்டிக்கும் பொதுவானவை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் சிறப்பாக உரியது ஐந்தாவது காரணமாகும். அது வண்டியிலன்று, நிலத்தடியிலே தொடங்குகின்றது. குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின்மீது அமைந்தது. 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கி 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு மூலப்பொருளாயிருந்தது இக்கல்லே. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மாத்திரமே ஓடும். மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து கிணறுகளுக்கு ஊற்றாகின்றது. மண்ணினூடு இறங்கும்போது காபனீரொட்சைட்டை ஏற்று மென்னமிலமாகும் அந்நீர், கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றைச் சுமந்து வருகின்றது. கொதிக்கும்போது அவ்வுப்பு சிதைந்து மீண்டும் கல்லாகப் படியும். யாழ்ப்பாணத்து அடுக்களைக் கேத்தலின் அடியிலே காணப்படும் வெண்ணிறப் படை இதுவே. கேத்தலில் நிகழ்வது எஞ்சினிலும் நிகழ்கின்றது.

இப்படையின் தீமையை ஒரு கணக்கினால் உணரலாம். வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல், உரிய அலகிலே, செம்புக்கு ஏறத்தாழ 400; வார்ப்பிரும்புக்கு 50; சுண்ணாம்புப் படைக்கோ 2 அளவில்தான். எனவே ஒரு மில்லிமீற்றர் தடிப்பான படை, 25 மில்லிமீற்றர் வார்ப்பிரும்புச் சுவருக்கு ஒப்பான தடையாகின்றது. மேலும், ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களை அது நிரப்பி அடைத்தும் விடும்.

ஆயின் ஒருமுறை நிரப்பிய நீர் மிகுந்த தீங்கு செய்யாது. அதிலுள்ள உப்பு படிந்தபின் மேலும் படிவதற்கு ஒன்றுமில்லை. ஒழுகும் ரேடியேற்றரைச் செப்பனிடாது நாள்தோறும் கிணற்றுநீரை ஊற்றி வருவதே பெருந்தீங்காகும். லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் வன்மையுடைய நீரை மிக வன்னீர் என்பர். 300 மில்லிகிராம் வன்மையுள்ள நீரை நாளொன்றுக்கு 2 லீற்றர் வீதம் ஊற்றினால், ஓராண்டிலே 200 கிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புப் பொருள் எஞ்சினுட் புகும். அதிலே ஒரு பகுதியே படியினும், வெப்பம் மிகும்; வெப்பம் மிக நீர் கொதித்துக் குறையும்; குறைந்ததற்கு ஈடாக மீண்டும் கிணற்றுநீர் ஊற்றப்படும். இவ்வாறு நோயே நோயை வளர்க்கின்றது. கரையோரக் கிணறுகளின் சவர்நீரோ படையோடு நில்லாது உலோகத்தையும் அரிக்கும். சமதரையாகிய குடாநாட்டினுள் இக்குறை நெடுங்காலம் மறைந்து கிடத்தலுங் கூடும். அதே வண்டி கண்டிக்கு மேலுள்ள மலைப்பாதையிலே, தாழ்ந்த கியரில் மெல்ல ஏறும்போது, வெப்பம் மிகுந்து காற்றோட்டம் குறைய, மறைந்திருந்த நோய் வெளிப்படும். நுவரெலியாவின் உயரத்தில், மூடியின் அமுக்கம் இல்லையாயின், நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும்.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. சுத்தமாகச் சேர்த்த மழைநீரையோ, பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையோ ரேடியேற்றருக்கு ஊற்றலாம். அரிப்பைத் தடுக்கும் குளிர்த்தித் திரவத்தை அதனோடு கலப்பது மேலும் நன்று. இக்காலத்து வண்டிகளுக்கு அது இன்றியமையாதது. படிந்துவிட்ட கல்லைத் தேசிக்காயிலுள்ள சித்திரிக்கமிலம் கரைக்கும். அதன் மென்கரைசலால் ரேடியேற்றரைக் கழுவியபின் நல்ல நீரினாற் பலமுறை அலசுதல் வேண்டும்.

இனிப் புகையை நோக்குமிடத்து, அதன் காரணங்கள் மணத்தினாலே தெளிவாக வேறுபடும். வால்வு மூடியின் ஓரத்தாற் கசியும் மசகெண்ணெய் சூடான கழிவுக்குழாயின்மீது சொட்டினால், எரிந்த எண்ணெய் மணத்துடன் நீலச் சாம்பல் நிறப் புகை எழும். இறப்பர் கருகும் மணம் வழுக்கும் விசிறிப்பட்டியைக் காட்டும். மூக்கை அரிக்கும் காரமான மணம், காப்புறை உருகும் மின்கம்பியைக் காட்டும். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திலே ஆக்கப்பட்ட மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளில் இரண்டே உருகிகள் இருந்தன. முகவிளக்குக் கம்பிகள் அவற்றின் காவலுக்கு உட்பட்டனவல்ல. ஆண்டுகள் பல கழிந்து காப்புறை உதிர்ந்த அவ்வண்டிகளில் மின்கம்பி மணத்தைச் சிறிதென எண்ணுதல் ஆகாது. பெற்றோலின் பச்சை மணம் புகையோடு சேர்ந்து வருமாயின் அதுவே எல்லாவற்றிலும் கொடியது.

புகையும் ஆவியும் ஒருங்கே யாழ்ப்பாணத்து வண்டிகளை வருத்திய காலமும் ஒன்றுண்டு. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், தடை காரணமாகக் குடாநாட்டிலே பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அந்நாள்களில், 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 முதலிய பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றரிலே சில துளி பெற்றோலைச் செலுத்தி எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அவ்வண்டிகளின் எஞ்சின்கள் காற்றை ஏறத்தாழ ஏழிலொன்றாக மாத்திரமே நெருக்குவன. ஆதலின் தரங்குறைந்த எரிபொருளையும் ஒருவாறு ஏற்றன. புதிய வண்டிகளுக்கு இயலாதது பழைய வண்டிகளுக்கு இயன்றமைக்குக் காரணம் இதுவே. ஆயினும் அதற்குரிய விலையையும் அவை கொடுத்தன. முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக் கீழிறங்கி, மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது. உராய்வும் தேய்வும் மிகுந்தன. உரிய நேரத்துக்கு முன் தானே எரியும் எரிபொருள் எஞ்சினைத் தட்டி வெப்பத்தை ஏற்றியது. பின்னே புகையும் முன்னே ஆவியுமாக அவை ஓடின. வேறு ஊர்தி அரிதாயிருந்த காலத்தில் நோயாளரையும் கருப்பிணிகளையும் ஏற்றிச் சென்றவை அத்தகைய வண்டிகளே. இருப்பதைக் கொண்டு அவற்றைச் செப்பனிட்டு ஓடவைத்த பொறிவினைஞரின் அறிவு ஏட்டிலே எழுதப்படாததாயினும் மதிக்கத்தக்கது.

இறுதியாகச் செய்கை முறை. எதுவாயினும் வண்டியைப் பாதையோரத்தில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, உள்ளிருப்போரை இறக்குதலே முதற் கடமை. ஆவியென்று துணியப்படின் பொறுமையே மருந்து. அரைமணி நேரமேனும் ஆறவிடல் வேண்டும். சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறப்பவர், உள்ளே 111 பாகையில் அடங்கி நிற்கும் நீரின் அமுக்கத்தை ஒரு நொடியில் நீக்குகின்றார். அந்நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் 20 கிராம் ஆவியாயினும், அவ்வாவி 30 லீற்றருக்கு மேற்பட்ட இடத்தை நாடிக் கொதிநீரையும் வாரிக்கொண்டு மேலே பாயும். ஆவி தோலிற் படிந்து நீராகும்போது தன் மறைவெப்பத்தையும் அங்கே விடுவதால், வேக்காடு கொதிநீரினாலாவதிலும் கொடியதாகும். ஆறியபின் தடித்த துணியால் மூடியைப் பற்றி, முதற் படியளவு திருப்பி, அமுக்கம் அடங்கியபின்னரே முற்றாகத் திறத்தல் தகும். சூடான எஞ்சினுட் குளிர்நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கவுங் கூடும்.

புகையென்று துணியப்படின் பொறுமைக்கு இடமில்லை. முன்மூடியை அகலத் திறத்தல் கூடாது. புதிய காற்று புகுந்து கனலைச் சுவாலையாக்கும். சுவாலை இல்லையாயின், மின்கம்பிப் புகைக்குப் பற்றரியின் இணைப்பைக் கழற்றுதல் வேண்டும். தீயணைக்கும் உலர்தூள் இருப்பின் சிறிய இடைவெளியூடே அதனைச் செலுத்தலாம். பெற்றோல் தீயின்மீது நீரை ஊற்றுதல் கூடாது. பெற்றோல் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். சிறிய தீயை மணல் அடக்கும். தீ மேலோங்கின், வண்டியை விட்டு விலகுதலே அறிவுடைமை.

மலையிலே புகையென்று மயங்கியவன் இழப்பது ஒரு வாதத்தை. பாதையிலே மயங்கியவன் இழப்பது கையையோ வண்டியையோ. ஐயத்தை நீக்கியபின்னரே துணிதல் வேண்டுமென அறவண அடிகள் உணர்த்திய நெறி, முன்மூடியைத் தொடுமுன் ஒரு கணம் நின்று நோக்கி முகர்ந்தறியும் சாரதிக்கும் உரியதாகின்றது. அவ்வொரு கணத்தில் அவன் கருதலளவையை முறையாகக் கையாண்டவனாவான்.