டூமில் கதவே கிடையாது, தெரியுமா?

1993 டிசம்பர் 10. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக சர்வரில் ஒரு ஃபைல் ஏறுகிறது. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் இலவசமாக விட்ட ‘டூம்’ விளையாட்டின் முதல் அத்தியாயம் அது! கையும் துப்பாக்கியும் மட்டும் திரையில் தெரிய, நம் கண் வழியாகவே ஓடும் சண்டை. முப்பது வருஷம் தாண்டிவிட்டது. அதற்கு இன்றும் புதுப்புது லெவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. செய்வது யார்? விளையாடுகிறவர்களேதான்!

இது தானாக நடந்துவிடவில்லை. 1992-ல் அதே நிறுவனம் விட்ட வோல்ஃபென்ஸ்டைன் 3டி கேமை ரசிகர்கள் மாற்ற வேண்டுமென்றால் அசல் ஃபைலின் மேலேயே எழுத வேண்டும். அப்படியும் விடாமல் எழுதினார்கள்! அதைப் பார்த்த ஐடி சாஃப்ட்வேர் புரோகிராமர் ஜான் கார்மாக், டூமில் புரோகிராமைத் தனியாகவும், மேப், படம், சத்தம் எல்லாவற்றையும் ‘வாட்’ என்ற ஒரே மூட்டையாகவும் கட்டிவைத்தார். அந்தப் பெயருக்கு விரிவாக்கம் என்ன தெரியுமா? ‘சரக்கெல்லாம் எங்கே?’ என்ற கேள்விதான்!

அசல் மூட்டை ஐவாட். நீங்கள் கட்டுவது பிவாட். கேம் முதலில் அசலைப் படிக்கும், பிறகு உங்களுடையதை. ஒரே பெயரில் இரண்டு மேப் இருந்தால் உங்களுடையதுதான் ஓடும். அசலில் ஒரு பைட்கூட மாறாது. உங்கள் மூட்டை வேண்டாமென்று எடுத்துவிட்டால் பழைய டூம் பத்திரமாக அங்கேயே இருக்கும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடப் பெரிய தைரியம் எது?

மூட்டையின் முகப்பு வெறும் 12 பைட்! முதல் நான்கில் ஐவாடா பிவாடா என்ற எழுத்துகள், அடுத்த நான்கில் உள்ளே எத்தனை பொருள் என்ற கணக்கு, கடைசி நான்கில் அட்டவணை எங்கே இருக்கிறது என்ற குறிப்பு. இதை எந்தக் கையேடும் இல்லாமல் ரசிகர்களே துருவித் துருவிக் கண்டுபிடித்து, 1994 ஜனவரியிலேயே டியூ என்ற எடிட்டரை வெளியிட்டுவிட்டார்கள். விளையாட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை!

இப்போது அந்தக் கதவு விஷயம். டூமில் உறுமிக்கொண்டு மேலே ஏறுகிறதே, அது கதவே இல்லை. கூரை! மேப் என்பது மேலிருந்து பார்க்கும் கோட்டுப்படம். கோடுகளால் அடைத்த ஒவ்வொரு பரப்பும் ஒரு செக்டர். அதற்குத் தரை உயரம், கூரை உயரம், வெளிச்சம் என்று எண்கள் உண்டு. இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு ஒல்லியான செக்டர் வரைந்து, அதன் கூரையைத் தரையோடு ஒட்ட இறக்கினால் அடைத்த கதவு தயார். முன்பக்கக் கோட்டுக்கு 1 என்ற செயல் எண் கொடுங்கள். விளையாடுபவர் தட்டியதும் கூரை மேலே போகும், பக்கத்துக் கூரைக்கு 4 அலகு கீழே நிற்கும், நான்கு விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்து தானே இறங்கும். லிஃப்டும் அப்படித்தான், அங்கே ஏறி இறங்குவது தரை. எனக்கு இது புரிந்த அன்று, பல வருஷமாக ஓடித் திரிந்த அறைகளையெல்லாம் மறுபடி போய்ப் பார்த்தேன். எல்லாமே எண்கள்! ஒரு படியின் உயரம் 24 அலகு வரை இருந்தால் கால் ஏறும். 25 ஆனால் அது சுவர்.

தொடங்க என்ன வேண்டும்? செலவே இல்லை! விளையாட ஜிஇசட்டூம், மேப் வரைய அல்டிமேட் டூம் பில்டர், படமும் சத்தமும் மாற்ற ஸ்லேட். அசல் கேம் கையில் இல்லையா? ஃப்ரீடூம் என்ற இலவச மூட்டை இருக்கிறது. பெரிய கோட்டையெல்லாம் முதலில் வேண்டாம். 256-க்கு 256 அலகில் ஒரே ஒரு சதுர அறை வரையுங்கள், விளையாடுபவர் நிற்கும் இடத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள், எஃப்9 அழுத்துங்கள். நீங்கள் கட்டிய அறைக்குள் நீங்களே நிற்பீர்கள்!

இப்படி ஆரம்பித்தவர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? கசாலி சகோதரர்கள் டாரியோவும் மைலோவும் ரசிகர்களாக லெவல் செய்தவர்கள். அவர்களுடைய ‘புளூட்டோனியா’வை ஐடி சாஃப்ட்வேரே 1996-ல் ‘ஃபைனல் டூம்’ தொகுப்பில் விற்றது! டாரியோ பிறகு ‘ஹாஃப்-லைஃப்’ கேமுக்கு லெவல் செய்யப் போனார். 1997 டிசம்பரில் கார்மாக் டூமின் சோர்ஸ் கோடையே பொதுவில் வைத்தார். இன்றைக்கு ஜிஇசட்டூம் ஓடுவது அதன் வழியாகத்தான். டூமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமெரோவே 2019-ல் ‘சிஜில்’ என்று ஒன்பது லெவல்கள் செய்து, ரசிகர்களைப் போலவே வாட் ஃபைலாக விட்டார்!

உங்கள் முதல் கதவு திறக்கவில்லையா? ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஒரு குட்டிக் கோடு நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் முன்பக்கம். கதவுக் கோட்டில் அது வெளியே, நீங்கள் நிற்கும் அறையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிவிட்டு மறுபடி எஃப்9 அழுத்துங்கள், போய்த் தட்டுங்கள்.