மயில்துத்தமும் அன்னபேதியும்

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பா ஊருக்கு வந்தால், சாயங்கால டீ எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். போன வாரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: “கிருமியை விட்டுச் செம்பு எடுக்கிறாங்களாமே, நெசமா?”

நிஜம்தான். அதைச் சொல்லிப் புரியவைக்க அவரைவிட வாகான ஆள் கிடையாது. திராட்சைக்குத் தெளிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துப் போர்டோ கலவை கரைத்ததும் அதில் ஒரு கத்தியை முக்கிப் பார்ப்பவர் அவர். கத்தியில் சிவப்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார். அந்தச் சிவப்பு, செம்பு. மயில்துத்தத்தில் கரைந்து கிடக்கும் செம்பு, இரும்பைக் கண்டதும் அதன்மேல் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு ஈடாக இரும்பு கரைந்து அன்னபேதி ஆகிவிடும். இந்த இரண்டு உப்பையும் வைத்தே மொத்தக் கதையையும் சொல்லிவிடலாம்.

ஒரு டன் கல்லில் 5 கிலோ செம்பு இருந்தால் இன்றைக்கு அது தோண்டத் தகுந்த தாது. மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுச் சத்தைப் பிரித்து, பிறகு உலைக்கு அனுப்புவார்கள். ஒரு கிலோ, இரண்டு கிலோதான் தேறும் என்றால் அரைக்கிற செலவுக்கே கட்டாது. அந்தக் கல்லைத் தோண்டி ஓரமாகக் கொட்டிவிடுவார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்காம் கேன்யன் சுரங்கத்தைச் சுற்றி இப்படிக் கொட்டியதே மலை மலையாக நிற்கிறது. அந்த மலைகளின் அடியிலிருந்து கசியும் தண்ணீரில் செம்பு இருந்தது. இறக்கிவிட்டது யார்?

1947இல் விடை வந்தது, அதுவும் வேறொரு இடத்திலிருந்து. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து ஒழுகும் புளித்த தண்ணீரைச் சோதித்த கோல்மரும் ஹிங்கிளும் அதில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். இன்று அதன் பெயர் அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ். எலுமிச்சைச் சாறு அளவு புளிப்பில்தான் அதற்குச் சுகம். சோறு, சர்க்கரை எதுவும் வேண்டாம். உடம்பு வளர்க்கக் காற்றிலுள்ள கரியமில வாயு, தெம்புக்கு இரும்பும் கந்தகமும்.

சித்தப்பா இங்கே நிறுத்தினார். “இரும்பைத் தின்னா செம்பு எப்படி வரும்?”

கேட்க வேண்டிய கேள்விதான். கல்லுக்குள் செம்பு கந்தகத்தோடு கட்டிப்பிடித்துக் கிடக்கிறது. அந்தப் பிடியை அவிழ்க்க வல்லது, துருவில் இருக்கிற மாதிரியான, நன்கு ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு. அவிழ்த்த கையோடு அது சக்தி இழந்து அன்னபேதியில் உள்ள இரும்பாக இறங்கிவிடும். அதோடு வேலை முடிந்தது. புளிப்புத் தண்ணீரில் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்ப வருஷக்கணக்கில் ஆகும். பாக்டீரியா நுழைந்தால் பல லட்சம் மடங்கு வேகத்தில் திரும்பும். அதாவது அது கல்லைக் கடிப்பதே பெரிதில்லை. மழுங்கிய அரிவாளைத் தீட்டித் தீட்டிக் கொடுக்கும் பட்டறைக்காரர் மாதிரி. கந்தகம் அமிலமாகிறது, செம்பு மயில்துத்தமாகக் கீழே வடிகிறது.

பேர் தெரியாமலே இதைப் பயன்படுத்திய ஊர் உண்டு. ஸ்பெயினின் உவெல்வா மாகாணத்தில் ஓடும் ரியோ டிண்டோ ஆறு, சிவப்பு ஒயின் நிறம். அந்த ஆற்றை ஒட்டிய செம்புச் சுரங்கத்தில் கல்லைக் குவித்து, தண்ணீர் விட்டு, வடிந்ததைப் பழைய இரும்பின்மேல் ஓடவிட்டுச் செம்பு எடுத்தார்கள். சித்தப்பாவின் கத்திதான், ஆற்றளவில். ஆனால் அது மெதுவான வேலை. 1873இல் சுரங்கத்தை வாங்கிய பிரிட்டிஷ் கம்பெனிக்கு அவசரம். திறந்த வெளியில் தாதுவை மாதக்கணக்கில் வறுத்தது. கந்தகப் புகை பயிரைக் கருக்கியது. 1888 பிப்ரவரி 4 அன்று தொழிலாளிகளும் விவசாயிகளும் சேர்ந்து திரண்டபோது ராணுவம் சுட்டது. செத்தவர் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. கிருமியின் நிதானத்தைப் பற்றிக் குறை பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்றைய முறை அவருக்கு உடனே பிடிபட்டது. தரையில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் உடைத்த கல், உச்சியில் சொட்டுநீர்க் குழாய், அடியிலிருந்து காற்று. அமிலத் தண்ணீர் டிகாஷன் இறங்குவது போல மெல்ல இறங்கும். சிலி நாட்டின் கெப்ராடா பிளாங்காவில், 4,400 மீட்டர் உயரத்துக் குளிரில், 1994 முதல் இப்படிச் செய்தார்கள். தங்கத்துக்கு வேறு கணக்கு. தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் தங்கத் துகள் கந்தகக் கனிமத்துக்குள் பூட்டிக் கிடந்ததால், தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு எட்டவில்லை. 1986 முதல் அங்கே தொட்டியில் கிருமி விட்டுப் பூட்டைத் தின்னவைக்கிறார்கள். சில நாளில் முடிகிறது. ஆனால் தொட்டி கொதித்துக் கிருமி சாகாமல் இருக்கக் குளிரூட்ட வேண்டியிருக்கிறது!

எல்லாக் கல்லும் இப்படி மசியாது. உலகின் செம்பில் பெரும்பகுதி சால்கோபைரைட் என்ற கனிமத்தில் இருக்கிறது. அது கொஞ்சம் கரைந்ததும் மேலே ஒரு தோல் போர்த்துக்கொண்டு அடம்பிடிக்கும். அதை மசியவைக்கச் சூட்டை விரும்பும் வேறு நுண்ணுயிர்களைத் தேடுகிறார்கள்.

“சரி, வேலை முடிஞ்சா நிப்பாட்டுறது எப்படி?”

அங்கேதான் சிக்கல். காற்றும் நீரும் கந்தகக் கல்லும் இருக்கும்வரை அது தின்றுகொண்டுதான் இருக்கும். நிலக்கரிச் சுரங்கத் தண்ணீரைக் கெடுத்ததும் அதே கிருமிதானே? பின்லாந்தின் சோட்காமோவில் 2008இல் தொடங்கிய டால்விவாரா சுரங்கம், கால் சதவீத அளவே இருந்த நிக்கலை இப்படி எடுத்தது. பனிக்காலத்திலும் குவியல் தன் சூட்டிலேயே வேலை செய்தது. மிஞ்சும் புளித்த தண்ணீரைச் சுண்ணாம்பிட்டு முறிப்பார்கள். ஜிப்சம் சேறாகப் படியும். 2012 நவம்பரில் அந்த ஜிப்சம் குளம் கசிந்து, நிக்கலும் யுரேனியமும் கலந்த நீர் சுற்றுப்புறத்துக்குப் போனது. 2014இல் கம்பெனி திவாலானது. அடுத்த வருஷம் அரசின் டெர்ராஃபேம் எடுத்துக்கொண்டது, அதே கிருமிகளோடு.

சித்தப்பா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “சுண்ணாம்பு போட்டாங்க, சரி. கத்தியை முக்கிப் பார்த்தாங்களா?”