உங்களுக்குத் தெரியுமா? அப்பத்துக்கு முன்னால் ஒரு புதிர்

கிறிஸ்தவர்கள் தினமும் சொல்லும் கர்த்தருடைய ஜெபத்தில், அப்பத்துக்கு அடைமொழியாக வரும் ‘எபியூசியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் இன்றுவரை உறுதியாகவில்லை!

• புதிய ஏற்பாட்டில் இச்சொல் வருவது இரண்டே இடங்களில்: மத்தேயு 6:11, லூக்கா 11:3.

• கிரேக்க நூல்களிலும் பேச்சிலும் இது வழங்கவில்லை, சுவிசேஷகர்களே உருவாக்கியிருக்கலாம் என்றார் 3-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஓரிகன்.

• ‘அன்றாட’, ‘நாளைக்கான’, ‘வாழத் தேவையான’ என மூன்று விளக்கங்களுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஜெரோமின் லத்தீன் பைபிளோ லூக்காவில் ‘அன்றாட’ என்றும், மத்தேயுவில் ‘பொருள்நிலை கடந்த’ என்றும் சொல்கிறது.

• எகிப்தின் ஹவாராவில் கிடைத்து 1889-இல் வெளியான பாப்பிரஸ் செலவுக் கணக்கு ஒன்றில் இச்சொல் இருப்பதாக அறிஞர்கள் நம்பினர். காணாமல்போன அந்த ஏடு 1998-இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அகப்பட்டது. திரும்ப வாசித்தால், அங்கே எழுதியிருந்தது ‘எண்ணெய்’!