எறும்பும் பூச்சரமும்

வான் அளந்த கதை – 9

தை, மாசி இரவுகளில் புதுக்கோட்டைப் பக்கம் எந்தக் கண்மாய்க் கரையில் நின்று தெற்கே பார்த்தாலும் அகத்தியர் நட்சத்திரம் தெரியும். அடிவானத்திலிருந்து 27 டிகிரி உயரம் வரைதான் ஏறும். ஆனாலும் இரவு வானத்து விண்மீன்களில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். டெல்லியில் அது 9 டிகிரிகூட ஏறாது. லண்டன்காரர்களுக்குக் கண்ணிலேயே படாது.

அதன் தூரம் சுமார் 310 ஒளியாண்டு. இன்றைக்கு நாம் பார்க்கும் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது புதுக்கோட்டையை ரகுநாதராயத் தொண்டைமான் ஆண்டுகொண்டிருந்தார். அவருக்குப் பின் அடுத்தடுத்துத் தொண்டைமான்கள் வந்தார்கள். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, 1974இல் தனி மாவட்டம் ஆனது. அவ்வளவு காலமும் அந்த ஒளி வழியில்தான் இருந்தது. இத்தனைக்கும் அது போகும் வேகம் வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வர வினாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு போதும்.

இன்னும் தள்ளிப் போவோம். ஓரியன் கூட்டத்தின் மூன்று நட்சத்திர இடைவாருக்குக் கீழே மங்கலாக ஒரு திட்டு தெரிகிறதல்லவா, அந்த நெபுலாவின் தூரம் சுமார் 1,340 ஒளியாண்டு. குடுமியான்மலைக் குடைவரையின் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு வெட்டப்பட்டது 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டில் என்கிறார்கள். நந்நான்கு சுரங்களாகப் பிரித்து, ஏழு பண்களுக்கும் வரிசை வரிசையாக உளி ஓடியிருக்கிறது. ஏறக்குறைய அந்த உளியின் காலத்து வெளிச்சம்தான் இப்போது நம் கண்ணில் விழுகிறது.

கார்த்திகை முன்னிரவில் வடக்கே தெரியும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்கு வந்தால் கல்வெட்டெல்லாம் உதவாது. தூரம் 25 லட்சம் ஒளியாண்டு. தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய மனிதத் தடயமான அத்திரம்பாக்கம் கற்கருவிகளுக்கே 15 லட்சம் ஆண்டுதான் வயது.

இதுவரை கணக்கு சுலபம். எத்தனை ஒளியாண்டோ அத்தனை வருடப் பழசு. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் போனால் இது பொய்த்துப்போகிறது. ஒளி வந்துகொண்டிருக்கும்போதே அது வரும் பாதை நீள்வதுதான் காரணம்.

கீரமங்கலம் பூச்சந்தைக்குப் போகும் முல்லையை நாருக்குப் பதில் ரப்பர் இழையில் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூவுக்குப் பூ ஓர் அங்குலம் இடைவெளி. ஒரு நுனியை நீங்கள் பிடித்துக்கொள்ள, மறு நுனியை இன்னொருவர் இழுத்துச் சரத்தை இரட்டிப்பாக்குகிறார். உங்களுக்கு அடுத்த பூ ஓர் அங்குலம் விலகியிருக்கும், பத்தாவது பூ பத்து அங்குலம் விலகியிருக்கும். இரண்டுக்கும் ஆனது ஒரே நேரம் என்பதால் தூரத்துப் பூவுக்குப் பத்து மடங்கு வேகம். ஆனால் எந்தப் பூவும் கட்டிய முடிச்சை விட்டு நகரவில்லை. சரத்தின் நடுவில் எந்தப் பூவில் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றவை தன்னை விட்டு ஓடுவதாகத்தான் தெரியும். நடுநாயகம் என்று எதுவும் இல்லை.

பிரபஞ்சத்தில் இந்த விலகல் வேகம் 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு வினாடிக்கு 70 கிலோமீட்டர் போல வருகிறது. (ஆண்ட்ரோமெடா இதற்கு விலக்கு. பக்கத்து வீடு என்பதால் ஈர்ப்பு ஜெயித்து, அது நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.) அப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 1,400 கோடி ஒளியாண்டு தூரத்தில் விலகல் வேகம் ஒளியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்கும் அப்பால் மிஞ்சிவிடும்.

ஒளியை எதுவும் மிஞ்ச முடியாது என்று ஐன்ஸ்டீன் சொன்னாரே என்ற கேள்வி இங்கே எழாமல் இருக்காது. அந்தத் தடை இழைமேல் ஊர்ந்து போகிறவர்களுக்கு மட்டும்தான், இழைக்கு இல்லை. தூரத்துப் பூவிலிருந்து உங்கள் கையை நோக்கி ஓர் எறும்பு கிளம்புகிறது. அதுதான் ஒளி. அதன் வேகம் கூடாது, குறையாது. ஆரம்பத்தில் காலடி இழை நீளும் வேகம் எறும்பின் வேகத்தைவிட அதிகம். ஊர்ந்தபடியே அது பின்னால் இழுபட்டுப் போகும். ஆனால் இழுப்பவரின் வேகம் ஏறாமல் இருந்தால் எறும்பு மெல்ல முன்னேறி ஒருநாள் விரலைத் தொட்டுவிடும். ஒளியைவிட வேகமாக விலகும் கேலக்ஸிகளை இன்று தொலைநோக்கியில் பார்க்க முடிவது இதனால்தான். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. நாம் காணக்கூடிய எல்லையோ இப்போது 4,600 கோடி ஒளியாண்டு தூரத்தில்.

இழுப்பவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? அப்படி நடக்கிறதா என்று சொல்ல முதலில் தூரத்தைத் தப்பில்லாமல் அளக்க வேண்டும். 1929இல் ஹப்பிள் அளந்ததில் விலகல் வேகம் 70க்குப் பதில் 500 என்று வந்து, பூமி பிரபஞ்சத்தைவிட மூத்தது என்றாகிவிட்டது. கோளாறு அளவுகோலில். பிறகு அதைத் திருத்தினார்கள். மிகத் தொலைவை அளக்கும் கோலுக்கு வழி காட்டியவர் நம்மூர்ப் பையன்.

திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர், 1930இல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குறுமீன்களைப் பற்றிக் கப்பலிலேயே கணக்குப் போட்டார். ஓர் எல்லைக்கு மேல் எடை இருந்தால் அவை தாக்குப்பிடிக்காது என்று விடை வந்தது. பிறகு கணக்கைச் செம்மைப்படுத்தியதில் அந்த எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்றானது. 1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் கழகத்தில் இதை அவர் விளக்கி முடித்ததும் ஆர்தர் எடிங்டன் எழுந்து, நட்சத்திரம் இப்படிக் கிறுக்குத்தனமாக நடந்துகொள்ளாமல் இயற்கையே தடுக்கும் என்ற பாணியில் பேச, அவையில் சிரிப்பு எழுந்தது.

அந்த எடிங்டன் சாமானியர் இல்லை. பெல்ஜியப் பாதிரியார் லெமைத்ர் 1927இலேயே பிரெஞ்சில் எழுதி யாரும் கவனிக்காமல் கிடந்த கட்டுரையை 1931இல் ஆங்கிலத்தில் வரச் செய்து, விரியும் பிரபஞ்சத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர். அவர் சிரிக்கவைத்த எண்தான் பின்னாளில் அந்த விரிவையே அளக்கக் கைகொடுத்தது. எனக்கு இந்தத் தொடரிலேயே பிடித்த திருப்பம் இது. எடிங்டன் இதைப் பார்க்க இருக்கவில்லை, 1944இல் காலமானார்.

பக்கத்துத் துணை நட்சத்திரத்திடமிருந்து பொருளை உறிஞ்சிப் பெருக்கும் வெண்குறுமீன் அந்த 1.4 எல்லையை நெருங்கும்போது வெடிக்கிறது. இதுவே ‘1ஏ’ வகை சூப்பர்நோவா. உச்சத்தில் 500 கோடி சூரியன்களின் பிரகாசம். வெடிக்கும் எடை கிட்டத்தட்ட ஒன்று என்பதால் வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒன்று. எல்லாமே இதே வழியில் வெடிப்பதில்லை, இரண்டு வெண்குறுமீன்கள் மோதியும் வெடிக்கலாம் என்று இன்று சொல்கிறார்கள். ஆனாலும் அணையும் வேகத்தை வைத்துத் திருத்திக்கொண்டால் நம்பகமான கோல். எவ்வளவு மங்கித் தெரிகிறதோ அவ்வளவு தூரம்.

1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்தக் கோலை வைத்துப் பார்த்தன. தூரத்து சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன, அதாவது இன்னும் தள்ளிப் போயிருந்தன. இழுப்பவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளாக. சந்திரசேகர் 1983இல் நோபல் பெற்று 1995இல் மறைந்திருந்தார். இந்தக் கண்டுபிடிப்புக்கு 2011இல் நோபல் கிடைத்தது.

ஆகவே எல்லா எறும்பும் கைக்கு வந்து சேராது. சுமார் 1,650 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள கேலக்ஸியிலிருந்து இன்று கிளம்பும் ஒளி எத்தனை காலம் ஆனாலும் நம்மை எட்டாது. அதே கேலக்ஸியின் பழைய ஒளி மட்டும் சிவந்து, மங்கி வந்துகொண்டிருக்கும்.

இழுப்பின் வேகம் சரியாக எவ்வளவு என்பதில்தான் இப்போது தகராறு. சூப்பர்நோவாக்களை வைத்து அளப்பவர்கள் 73 என்கிறார்கள். பிரபஞ்சத்தின் ஆதி வெளிச்சமான நுண்ணலைகளிலிருந்து கணக்கிடுபவர்கள் 67 என்கிறார்கள். இரு தரப்புமே பிழைக்கு விட்டிருக்கும் இடம் மிகச் சிறியது. அந்த நுண்ணலைகள் 1964இல் நியூஜெர்சியில் ஓர் ஆன்டெனாவில் ஓயாத இரைச்சலாக வந்து மாட்டிய கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)