ஸ்டாக் ஜிடிஐ கிடைக்குமா?

பினாங்குப் பையன்கள் காரைப் பிரித்து மேயக் கற்றுக்கொண்டதில் அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1985 ஆகஸ்ட் 3 அன்று பிரதமர் மகாதீர் சிவப்பு புரோட்டோன் சாகாவைத் தாமே ஓட்டிக்கொண்டு பினாங்குப் பாலத்தைக் கடந்தார். தேசியக் காரும், தீவைப் பெருநிலத்தோடு சேர்த்த பாலமும் ஒரே ஆண்டில் வந்தன. அந்தச் சாகாவுக்குள் இருந்தது மிட்சுபிஷி இன்ஜின். 1993-ல் வந்த வீராவும் மிட்சுபிஷி லான்சரின் உடம்புதான். வினை அங்கேதான் தொடங்கியது. ஜெலுத்தோங்கில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் இதே கூட்டுக்குள் ஜப்பான்காரன் 1.8 லிட்டர் டர்போவை வைத்து 195 குதிரைத்திறன் எடுக்கிறான் என்ற சேதி ஒருவன் காதில் விழுந்துவிட்டால், அப்புறம் அவனுக்கு வேறு நினைப்பு ஏது? 2002-ல் கரம்ஜித் சிங் உலக ரேலி உற்பத்திக் கார் பிரிவில் சாம்பியன் ஆனதும் புரோட்டோன் பெயர் தாங்கிய காரில்தான். அது உண்மையில் பெயர் மாற்றிய லான்சர் எவோ என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஆசை கூடியது.

1990-களின் கடைசியில் புரோட்டோனின் சத்ரியா ஜிடிஐ வந்தது. இரட்டைக் கேம் வைத்த 1.8 லிட்டர் இன்ஜின், ஏறக்குறைய 140 குதிரைத்திறன், லோட்டஸ் பொறியாளர்கள் கைவைத்த சஸ்பென்ஷன். லோட்டஸைப் புரோட்டோன் 1996-லேயே வாங்கியிருந்தது. சம்பளக்காரன் வங்கிக் கடனில் எட்டிப் பிடிக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். நியாயமாகப் பார்த்தால் அதில் மாற்ற ஒன்றுமே இல்லை. ஆனால் தேவை பார்த்தா மாற்றினார்கள்?

முதலில் ரிம். பெரிய ரிம் போட்டதும் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளி கண்ணை உறுத்தும். குட்டை ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்துவார்கள். தாழ்த்திய கார் லோங்காங் (சாக்கடை) மூடியில் இடிக்கும், பழைய டேம்பர் அந்த ஸ்பிரிங்கைத் தாங்காமல் எண்ணெய் கசியும். உயரம் மாற்றக்கூடிய செட் வாங்க வேண்டியதாகும். (குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் வாசலில் பூசைக்கு நிற்கும் இப்படிப்பட்ட காரின் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பது தனி வித்தை. பம்பர் ஓரமாகக் கையே நுழையாது.) வளைவில் கார் ஒட்டிப் பிடித்துப் போகத் தொடங்கியதும் வேகம் கூடும். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைச்சாலையில் இரண்டு மூன்று வளைவு அழுத்திப் பிடித்தால் பிரேக் எண்ணெய் கொதித்து, மிதி மெத்தென்று உள்ளே போகும். ஆகவே பெரிய டிஸ்க். இவ்வளவும் செய்தபின், இத்தனையையும் இழுக்கும் இன்ஜின் மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது என்ற கேள்வி வரும். ஒவ்வொரு மாற்றமும் அடுத்த குறையைக் காட்டிக்கொடுப்பதுதான் இந்தப் பைத்தியத்தின் சூட்சுமம். புத்தி கெட்டவர்களை இது பிடிப்பதில்லை. நன்றாக யோசிப்பவர்களைத்தான் பிடிக்கிறது.

அந்தக் கடைசிக் கேள்விக்கு அன்று ஒரே விடை ஹாஃப்-கட். ஜப்பானில் கட்டாயப் பரிசோதனைச் செலவுக்குப் பயந்து பலர் நல்ல நிலையில் உள்ள காரையே கழித்துவிடுவார்கள். அதைக் குறுக்காக அறுத்து முன்பாதியைக் கொள்கலனில் ஏற்றி அனுப்புவார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், வயரிங் எல்லாம் ஒரே துண்டாக வரும் என்பதே அதன் அருமை. பட்டர்வொர்த் பக்கத்துக் கடைகளில் அறுபட்ட மூஞ்சிகள் வரிசையாகக் கிடக்கும். பையன் கடைத் தவுக்கேயிடம் ஹொக்கியனில் பேரம் பேசுவான், மெக்கானிக் போமனிடம் மலாயில் கெஞ்சுவான், வீட்டில் தமிழில் பொய் சொல்வான். சின்னக் காசுக்காரனுக்கும் வழி இருந்தது. 1994-ல் வந்த பெரோடுவா கஞ்சில் டைஹாட்சு மீராவின் வழி வந்தது. அதன் 660 சிசி இன்ஜின் இருந்த இடத்தில் மீராவின் 64 குதிரைத்திறன் டர்போ கச்சிதமாக உட்காரும். சக்தி அப்படியே இரண்டு மடங்கு! கிடைக்காத சில்லறைச் சாமானுக்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை.

இன்று கதை வேறு. 2012-ல் வந்த டொயோட்டா 86-ஐ, வாங்குபவன் மாற்றிக்கொள்ளட்டும் என்றே வடிவமைத்தார்கள். ஜிஆர் யாரிஸ் மூன்று சிலிண்டர் 1.6 லிட்டரில் 260 குதிரைத்திறனுக்கு மேல் கடையிலேயே தருகிறது. சிவிக் டைப் ஆர் 300-ஐத் தாண்டிவிட்டது. அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் லேப்டாப்பைச் செருகி, டர்போ அழுத்தத்தையும் எரிபொருள் அளவையும் மாற்றி எழுதுகிறார்கள். கையில் கிரீஸ் படாது. வேலை முடியும்வரை வாடிக்கையாளர் ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் காலத்துப் பையன்கள் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் பாதிதான் ஒப்பும். டேப் சுற்றிய வயரிங்கோடு, சாதாரண பிரேக்கோடு, டர்போ ஏற்றிய கஞ்சிலில் ஜெலுத்தோங் விரைவுச்சாலையில் போன பல பேர் உயிரோடு இருப்பது அவர்கள் அதிர்ஷ்டம். ஆனால் மறுபாதி உண்மை. கிளட்ச் ஏன் வழுக்குகிறது, இந்த வெயிலில் டர்போ ஏன் சூட்டில் சோர்கிறது என்பதெல்லாம் கையால் கற்ற பாடங்கள். லேப்டாப் கோப்பு அதைச் சொல்லித் தராது.

சட்டம் அன்றும் இருந்தது. இன்ஜினை மாற்றினால் புஸ்பாகோம் பரிசோதனை, சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி, வாகனப் பதிவு கிராண்டில் புது எண். பலர் அந்த வரிசையில் நிற்கவே இல்லை. 2009 வாகனக் கொள்கை மறுஆய்வில், பழைய உதிரிபாக இறக்குமதியை 2011 ஜூன் முதல் நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. ஆனாலும் ஹாஃப்-கட் கடைகள் இன்றும் இருக்கின்றன.

வேடிக்கை அதுவல்ல. ஒருவரும் கைவைக்காத, அதாவது ‘ஸ்டாக்’ சத்ரியா ஜிடிஐக்குத்தான் இப்போது கிராக்கி. 2004-ல் 150 மட்டும் வந்த சத்ரியா ஆர்3 பக்கம் போகவே முடியாது. அன்று கழற்றி எறிந்த ரிம், ஏர் பாக்ஸ், சைலன்சர் எல்லாவற்றையும் இன்று தேடுகிறார்கள். அப்பாவின் கூட்டாளியைப் பிடித்து, "அங்கிள், உங்க பழைய எக்ஸாஸ்ட் வீட்டுப் பின்னால கிடக்கா, பாருங்க" என்று கேட்கிறான் இருபத்தைந்து வயதுப் பையன். அவர் முன்பு ரிம்முக்காகக் கெஞ்சிய அதே தவிப்பு அவன் குரலில். ஒரிஜினல் போல்ட்டைக்கூட விடாமல் சேர்த்துக் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எல்லாம் ஸ்டாக்தான், பிரேக் மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடலாமா என்று யோசிக்கிறாராம்.