பசு ஒதுக்கிய புல்

எங்கள் வீட்டுக்குப் பால் தரும் அக்கா, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, லயத்துக்குத் திரும்பும் வழியில் மாட்டுக்குப் புல் அறுப்பார். கடந்த விடுமுறையில் ஒருநாள் நானும் கூடப் போனேன். மழையில் நனைந்து அவர் தலைச்சுமையாகக் கொண்டுவந்த கட்டில் பாதியைப் பசு மூக்கால் தள்ளிவிட்டது. "இதுக்கு வாய்க்கொழுப்பு தங்கச்சி" என்றார் அக்கா. உயிரியல் படிக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பசுவின் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. நாக்கால் புல்லை வளைத்து இழுத்தே அது மேய்கிறது. ஆகவே இளசான, இலை கூடிய புல்லே அதற்கு இலகு. புல் முற்றும்போது தண்டில் இலிக்னின் சேர்கிறது. பசுவின் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகளாலும் அதை உடைக்க முடியாது. செரியாத நார் வயிற்றில் நெடுநேரம் இடத்தை அடைத்துக்கொள்வதால் பசு குறைவாகவே உண்ணும், பாலும் குறையும்.

அன்று அது ஒதுக்கியது முற்றிய குவாத்தமாலாப் புல். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இந்தப் புல்லைத் தோட்டங்களில் மாட்டுக்காக நடுவதில்லை. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் புதுக் கன்று நடுவதற்கு முன், மண் வளம் பெறுவதற்காக ஏறக்குறைய 18 முதல் 24 மாதங்கள் வரை இதையோ மானாப் புல்லையோ வளர்ப்பார்கள். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை அது. வெட்டிய புல் அங்கேயே மூடாக்காகக் கிடந்து உக்க வேண்டும். அதை அறுத்துக்கொண்டு போனால் மண்ணின் பங்கு மாட்டுக்குப் போய்விடும். தோட்டத்தார் ஏசுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு பேர்ச் நிலமும் இல்லாத அக்கா எங்கே போவார்? கானோரப் புல்லுக்குக் களைநாசினி அடித்திருப்பார்களோ என்ற பயம். மானாப் புல்லிலோ வாசனை எண்ணெய் இருக்கிறது. முற்றினால் மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

நுவரெலியா போன்ற குளிர்ந்த உயரங்களுக்கு ஏற்றது கிக்கூயூப் புல். கென்ய மலைநாட்டு மக்களின் பெயரே அதற்கும். தரையில் படர்ந்து, மிதிபட்டாலும் மறுபடி துளிர்க்கும். மாடுகள் விரும்பி மேயும். ஆனால் அதில் சோடியம் குறைவு, அதனால் உப்பும் வைக்க வேண்டும். தை மாதத்து உறைபனியில் கருகியும் போகும். அந்த நாட்களில் மரக்கறித் தோட்டங்களில் கழிக்கும் கரட் இலையும் கோவா இலையும் கைகொடுக்கும். லீக்ஸை மட்டும் தவிர்ப்பது நல்லது. அது வெங்காய இனம். பாலில் வாடை ஏறும், அதிகம் தின்றால் மாட்டின் செங்குருதிக் கலங்களும் சிதையும்.

புல்லைச் சிறிதாக நறுக்கினால் பசுவால் இலையையும் தண்டையும் பிரித்தெடுப்பது கடினம் என்று படித்திருந்தேன். மறுநாள் அக்காவும் நானும் அதே குவாத்தமாலாவை விரல் நீளத்துக்கு நறுக்கி, கொஞ்சம் பூனாக்கும் உப்பும் கலந்து வைத்தோம். தொட்டியில் மிஞ்சியது இரண்டு பிடித் தண்டுதான். "நறுக்குறதுக்கு நாளைக்கும் வருவியா?" என்று கேட்டார் அக்கா. என் உள்ளங்கையில் அதற்குள் கொப்புளம் போட்டிருந்தது.